கைக்காவலாக ஒரு மூச்சு

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பெற்ற இப்பகுதியிலே, கடலடியில் மூழ்குவோர் முதுகிற் சுமக்கும் காற்றுச் சிலிண்டரைப் பற்றி எழுதப் புகுவது வாசக அன்பர் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். கவிதையும் கதையும் விமரிசனமும் பேசவேண்டிய இடத்திலே இஃதென்ன இரும்புக்கடை விவகாரம் என்று அவர்கள் கேட்கலாம். கேட்கட்டும். மூச்சு விடுதலை உயிர்த்தல் என்றும், மூச்சை உயிர்ப்பு என்றும் சொல்லிவைத்த மொழி நம்முடையது. ஒரு மனிதனுடைய உயிர்ப்பை இத்தனை லீற்றர் என்று அளந்து, இரும்புக் கூட்டில் அடைத்து, அவன் முதுகிலே கட்டி, அவனை நீருக்குள் அனுப்புகின்ற தொழிலொன்று நம் கரையோரங்களில் நடைபெற்று வருகின்றது. அதனைப் பற்றிப் பேசுவதற்கு மொழியறிந்தோர் நாணவேண்டியதில்லை என்பது எமது துணிபு.

எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. சுழியோடி ஒருவன், தன் பெரிய சிலிண்டரோடு, அதனுடன் எவ்விதத் தொடர்புமற்ற சிறு சிலிண்டர் ஒன்றையும், அதற்கெனத் தனியான ஒரு சீராக்கியையும் வாய்முனையையும் உடன்கொண்டு செல்லவேண்டுமா, வேண்டாமா என்பதே வினா. ஆங்கிலம் பேசுவோர் இச்சிறு சிலிண்டரைப் போனி என்று அழைப்பர். நம் மொழியிற் சொன்னால் மட்டக்குதிரை. பெரிய குதிரை களைத்து விழுந்தவிடத்து ஏறிக்கொள்ள ஒரு மட்டக்குதிரை. பெயர் வேடிக்கையானதே. ஆயினும் உலகெங்குமுள்ள சுழியோடிகளிடையே இதைப் பற்றி நிகழும் வாதம் வேடிக்கையானதன்று. கொண்டு செல்லல் வேண்டும் என்பர் ஒருசாரார். துணைவன் அருகிலிருக்க இந்தச் சுமை எதற்கு என்பர் மறுசாரார். இருசாராரும் கடலை அறிந்தவர்களே. நாம் முதற்சாராரின் பக்கம் நிற்கின்றோம். ஆனால், அவர்கள் கூறும் எல்லாவற்றுக்கும் தலையசைப்பதற்கில்லை.

மன்னார்க் குடாக்கடலிலே, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளுக்கு அப்பால் முத்துக்குளித்தவர்களிடம் சிலிண்டர் இருக்கவில்லை. காலின்கீழ் ஒரு கல். கையிலே ஒரு கயிறு. சிப்பியை வாரியிட ஒரு வலைப்பை. நெஞ்சு நிறைய ஒரே மூச்சு. இவ்வளவே அவர்களுடைய தளபாடம். கல்லின் பாரத்தினாலே அடித்தளத்துக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் சிப்பி பொறுக்கிக் கயிற்றை அசைத்தால், மேலே வள்ளத்தில் நிற்பவன் இழுத்துத் தூக்கிவிடுவான். அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் மைத்துனனாக இருத்தல் வேண்டும் என்று ஒரு வழக்கு நம்மிடையே உண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலியை எண்ணியாவது அவன் கயிற்றைக் கைநழுவ விடமாட்டான் என்பது அதன் கருத்து. எல்லா வள்ளங்களிலும் மைத்துனர்களே கயிறு பிடித்தார்கள் என்று கொள்ளவேண்டியதில்லை. ஆனால், அந்த வழக்கை உண்டாக்கியவர்கள் ஓர் உண்மையை நன்கறிந்திருந்தார்கள். நீருக்குள் இறங்குபவன் தன் உயிரை இன்னொருவன் கையிலே கொடுத்துவிட்டு இறங்குகின்றான். அந்தக் கை யாருடையது என்பதே முதல் வினா.

பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல் வேர்ண், இலங்கையைக் கண்ணாற் காணாதவர். எனினும் 1869 தொடங்கி 1870 வரை தொடராக வெளிவந்த தமது கடலடிப் பயண நாவலிலே மன்னார்க் கடலுக்கென ஓரிடம் ஒதுக்கியிருக்கின்றார். நெமோ என்னும் கப்பற்றலைவன் தன் விருந்தினரை அழைத்துக்கொண்டு இங்குள்ள முத்துப்பாரிலே இறங்குகின்றான். அவர்கள் முதுகிலே காற்றுக்கலம் இருக்கின்றது. அவர்கள் கடலடியிலே உலவுகின்றார்கள். அவ்வேளை மேலேயிருந்து ஏழைச் சுழியோடி ஒருவன் கல்லை மிதித்துக்கொண்டு இறங்குவதும், சிப்பி பொறுக்குவதும், ஏறுவதும், மறுபடி இறங்குவதுமாக இருப்பதை அவர்கள் மறைவிலிருந்து பார்க்கின்றார்கள். பின்பு சுறா வருகின்றது. நெமோ அவனைக் காக்கின்றான். பிரியும்போது முத்துப்பை ஒன்றையும் கொடுக்கின்றான். கதையிலே வீரம் நிறைந்த கட்டம் சுறாவோடு நடக்கும் போர்தான். எமக்கோ அதற்கு முந்திய காட்சியே மனத்திற் பதிந்து நிற்கின்றது. ஒரே நீரிலே, ஒரே வேளையிலே, காற்றை முதுகிற் சுமந்து நிற்பவனும், நெஞ்சில் மட்டும் சுமந்து வருபவனும் எதிரெதிரே நிற்கின்றார்கள். வேர்ண் அந்தக் கருவியைத் தம் கற்பனையிலிருந்து மட்டும் படைத்துக்கொள்ளவில்லை. சுரங்கப் பொறியியலாளராகிய றூக்கெய்ரோலும் கடற்படை அலுவலராகிய தெனெய்றூசும் 1860களிலே உண்மையாகவே செய்த கருவி அது. நாவலிலும் அவர்களுடைய பெயர் வருகின்றது.

இன்று நாம் காணும் கருவிக்கு நேர்மூதாதை, 1943 இல் ஜாக் கூஸ்தோ என்பவரும் எமில் கான்யான் என்னும் பொறியியலாளரும் பிரான்சிலே உருவாக்கியது. மூழ்குபவன் மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், அவன் நிற்கும் ஆழத்துக்கு ஏற்ற அமுக்கத்திலே காற்றை விடுகின்ற சீராக்கிதான் அதன் உயிர்நிலை. அக்காலத்துக் கருவிகள் பலவற்றிலே, சிலிண்டரில் எவ்வளவு காற்று எஞ்சியிருக்கின்றது என்பதை நீருக்குள்ளே காட்டுகின்ற மானி இருக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு விற்சுருள் வால்வு இருந்தது. சிலிண்டரின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 இறாத்தல் அளவுக்கு இறங்கியதும் அவ்வால்வு வழியை நெருக்கும், மூச்சு இழுக்கக் கடினமாகும், அதுவே எச்சரிக்கை. உடனே சுழியோடி தன் இடுப்புப் பக்கமாகத் தொங்கும் கம்பியைக் கீழே இழுப்பான். மிச்சக் காற்று வரும். அதனைக்கொண்டு அவன் மேலே ஏறிவிடவேண்டும். ஆதர் சி. கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, மைக் வில்சனோடும் நம் நாட்டுச் சுழியோடி றொட்னி ஜொங்கிளாசோடும் இந்நாட்டுக் கடல்களில் மூழ்கிய காலம் இந்த வால்வின் காலமே. திருக்கோணமலைப் பாறையடியிலே, போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் எச்சங்களை வில்சன் கண்டதும் 1956 இல்தான்.

அந்த விற்சுருள் வால்விலே இரண்டு குறைகள் இருந்தன. கம்பி எதிலேனும் மாட்டி, அறியாமலே முன்னர் இழுபட்டிருந்தால், ஆபத்து வேளையில் இழுக்கும்போது ஒன்றும் வராது. எச்சரிக்கையும் வந்திராது, மிச்சமும் இராது. இரண்டாவது குறை இதனிலும் ஆழமானது. மிச்சக் காற்று இருப்பதும் அதே சிலிண்டரில். அது வரவேண்டியதும் அதே சீராக்கி வழியாக. குழாய் வெடித்தாலோ, சீராக்கி பழுதடைந்து காற்றைக் கட்டின்றிக் கொட்டினாலோ, மிச்சமும் முதலும் ஒன்றாகவே போய்விடும். ஒரே பானையில் இரு பங்கு சோறு வைத்து, ஒன்றைச் சேமிப்பு என்று பெயரிட்டாற் போன்றதே அது. பிற்காலத்திலே அமுக்கமானி பரவலாக வந்தது; அந்த வால்வு மெல்ல மறைந்தது. அதன்பின் வந்த ஏற்பாடு, ஒரே சிலிண்டரின் சீராக்கியிலிருந்து இன்னொரு குழாயும் வாய்முனையும் நீட்டி, துணைவனுக்குக் காற்றுத் தட்டுப்பட்டால் கொடுப்பதற்காக வைத்திருப்பது. குழாய்கள் பல நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு ஒக்டோபஸ் என்று பெயர். இன்று பயிற்சி பெற்ற சுழியோடிகள் பெரும்பாலும் நம்பியிருப்பது இதனையே. இதற்கு மறுபெயர் துணைவன் என்பது.

இங்கே பௌதிக ஆசிரியர்களை ஒருகணம் அழைத்துக்கொள்வோம். மாறா வெப்பநிலையிலே வாயுவின் கனவளவு அதன் அமுக்கத்துக்கு நேர்மாறு விகிதமானது என்று போயில் விதியை மாணவர் மனனம் செய்கின்றனர். ஓர் ஊசிக்குழாயை விரலால் அடைத்து அழுத்தியும் பார்க்கின்றனர். அந்த விதி எங்கே வாழ்கின்றது என்று கேட்டால் பலருக்கு விடை தெரியாது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அமுக்கம் ஏறத்தாழ ஒரு பார் கூடுகின்றது. நீர்மட்டத்தில் ஒரு பார். 10 மீற்றரில் இரண்டு. 20 இல் மூன்று. 30 இல் நான்கு. 12 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரிலே 200 பார் அமுக்கத்திற் காற்றை அடைத்தால், 2400 லீற்றர் காற்று உள்ளது. அமைதியாக நீந்துபவன் நிமிடத்துக்கு 20 லீற்றர் உயிர்க்கின்றான் எனக் கொள்வோம். நீர்மட்டத்திலே அது 120 நிமிடம் வரும். 10 மீற்றரில் 60 நிமிடம். 20 இல் 40. 30 மீற்றரிலோ 30 நிமிடம் மட்டுமே. சிலிண்டர் மாறவில்லை, காற்று மாறவில்லை, மனிதன் மாறவில்லை, ஆழம் ஒன்றே மாறியது. கரும்பலகையில் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டினால் போயில் மாணவர்களுக்கு உறவினராகி விடுவார்.

முத்துக்குளிப்பவன் மூச்சை அடக்கி இறங்குகின்றான், அடக்கியபடியே ஏறலாம். அவன் நெஞ்சிலுள்ள காற்று மேலே அள்ளிக்கொண்டதுதான். ஏறும்போது பழைய அளவுக்கு மீளுமேயன்றி அதற்குமேல் விரியாது. சிலிண்டர்க் காரனின் நிலை முற்றும் வேறு. அவன் ஆழத்திலே நின்று அந்த ஆழத்து அமுக்கத்திற் காற்றை நெஞ்சுக்குள் நிரப்பியவன். அதை அடக்கியபடி ஏறினால் அது விரிந்து சுவாசப்பையைக் கிழித்துவிடும். சில மீற்றர் ஏற்றமே அதற்குப் போதுமானது. ஆகவே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதே அவனுக்குக் கற்பிக்கப்படும் முதல் விதி. இன்னொன்றும் உண்டு. அமுக்கத்திலே அவன் குருதியிலும் இழையங்களிலும் நைதரசன் கரைந்து நிற்கும். விரைந்து மேலேறினால், மூடி திறந்த சோடாப் போத்தலில் நிகழ்வது அவன் உடலில் நிகழும். மூட்டுநோவு முதல் இடுப்புக்குக் கீழே உணர்வின்றிப் போவது வரை அதன் விளைவுகள். எனவே அவன் மெல்ல ஏறவேண்டும். நிமிடத்துக்கு 9 மீற்றர் என்பது இன்று பரவலாகக் கொள்ளப்படும் அளவு. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 5 மீற்றரில், மூன்று நிமிடம் தரித்து நிற்றலும் நல்லது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடயம் துலங்கும். மெல்ல ஏறுவதற்குக் காற்று வேண்டும். காற்று முடிந்தவன் மெல்ல ஏறமாட்டான். அவன் மேலே பாய்வான். பாயும்போது அச்சத்திலே மூச்சையும் அடக்குவான். அவனை நீர் கொல்லாவிடினும் ஏற்றம் கொன்றுவிடும். ஆழம் குறைந்தவிடத்திலே, மூச்சை வெளிவிட்டுக்கொண்டே மேலே நீந்திவரலாம். அதற்கும் பயிற்சி தரப்படுகின்றது. 30 மீற்றரில் அது பெரும்பாலும் பயிலாத வித்தை.

இவை வெறும் அச்சமல்ல என்பதற்கு ஒரு சான்று போதும். பொழுதுபோக்குக்காகச் சிலிண்டர் அணிந்து மூழ்கி இறந்த 947 பேரின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2008 இல் வெளியாயிற்று. விபத்தைத் தொடக்கிவைத்த காரணம் இன்னதென அறியக்கூடியதாயிருந்த மரணங்களில், நூற்றுக்கு 41 பங்கு காற்றுப் போதாமையினாலே தொடங்கியவை. எதிலாவது சிக்கிக்கொண்டமை 20 பங்கு; கருவிக் கோளாறு 15 பங்கு. சுறா வேர்ணின் நாவலுக்கு உரியது. சுழியோடியின் உண்மையான எதிரி அவனுடைய அமுக்கமானியின் முள்தான்.

துணைவன் போதும் என்பவர்களின் வாதத்தை இலேசாகத் தள்ளுவதற்கில்லை. அவர்கள் சொல்வது யாது? இருவராய் மூழ்கு, ஒருவர் மற்றவரின் காற்றை அறிந்திரு, கையெட்டும் தூரத்தில் நில், ஒருவனுக்கு முட்டுப்பட்டால் மற்றவன் கொடுப்பான். தனிச் சிலிண்டர் கட்டிக்கொண்டவன் துணைவனை மறந்துவிடுவான், தன்னந்தனியே அலைவான், அளவுக்கு மீறி ஆழம் போவான், ஆபத்தைத் தடுக்கக் கொண்டுபோன பொருளே ஆபத்துக்கு அழைப்பாகும் என்கின்றார்கள். இதிலே மெய் உண்டு. கைக்காவலுக்கென முடிந்து வைத்த பணத்தை முதற்செலவுக்கே அவிழ்ப்பவரை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம்.

ஆனால் அவர்கள் வகுக்கும் துணைவன் புத்தகத்துத் துணைவன். கலங்கிய நீரிலே, நீரோட்டத்திலே, மீனையோ பாரையோ பார்த்த மயக்கத்திலே, கையெட்டும் தூரம் பத்து மீற்றராகிவிடுவது எளிது. பத்து மீற்றர் தரையிலே பத்தடி வைப்பது போன்றது. நெஞ்சிலே காற்றில்லாதவனுக்கு அது கடல் கடத்தல். அன்றியும், இருவரும் ஒன்றாய் இறங்கி, ஒரே ஆழத்தில், ஒரே வேலையில் நின்றவர்கள். ஒருவனுக்குக் காற்று முடியும் வேளை மற்றவனுக்கும் முடியும் வேளையை அண்டியே இருக்கும். எஞ்சிய சிறிதை இருவர், அதுவும் பதைப்பிலே இரட்டிப்பாக உயிர்ப்பவர், பங்கிட வேண்டியதாகும். முத்துக்குளிப்பவனின் மைத்துனன் மேலே, வள்ளத்திலே, காற்று நிறைந்த உலகிலே நின்றான். சிலிண்டர்க் காரனின் துணைவன் அவனோடு அதே இடருக்குள் நிற்கின்றான். இவ்வேறுபாட்டைத் துணைவன் கட்சியினர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது எமது குற்றச்சாட்டு. தனக்கென ஒரு காற்றை வைத்திருப்பவன் துணைவனை அவமதிப்பவனல்லன்; துணைவனின் கையிலிருந்து ஒரு பாரத்தை இறக்குபவன்.

இனி, முதற்சாராரோடு எமக்குள்ள பிணக்கு. எவ்வளவு சிறியதாயினும் ஒன்று இருந்தாற் போதும் என்று அவர்களிற் சிலர் சொல்கின்றனர். கடைகளிலே கைக்குள் அடங்கும் ஒரு சிறு புட்டி விற்கின்றார்கள், சீராக்கியும் வாய்முனையும் அதன் கழுத்திலேயே பொருந்தியவை, பார்க்க அழகானது. அதிலே பெரிய அளவு கொள்வது ஏறத்தாழ 85 லீற்றர் காற்று. அச்சமுற்றவன் நிமிடத்துக்கு 20 லீற்றர் உயிர்ப்பதில்லை. 40 லீற்றர் என்று கொள்ளுதலே நேர்மை. 30 மீற்றரிலே, நான்கு பார் அமுக்கத்தில், அது நிமிடத்துக்கு 160 லீற்றர். ஆக, அந்த அழகிய புட்டி அரை நிமிடத்தில் வெறுமையாகும். அரை நிமிடத்திலே முறைப்படி ஏறக்கூடியது ஐந்து மீற்றர் மட்டும். அதற்குப் பின் அவன் 25 மீற்றரில், இரண்டாம் முறையாகக் காற்றின்றி நிற்பான். இதே புட்டி 12 மீற்றரிலே போதுமானதாக இருக்கும். ஏற ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல். சராசரி அமுக்கம் 1.6 பார், பெருக்கினால் 85 லீற்றர். ஆனால் இந்தக் கணக்கிலே திகைப்பதற்கென ஒரு விநாடியும் ஒதுக்கப்படவில்லை என்பதை ஆசிரியர்கள் கவனிப்பார்கள். நீரிலே விழுந்த ஹெலிகொப்டரிலிருந்து வெளியேறும் விமானிகளும் இத்தகைய சிறு புட்டிகளை அணிவதுண்டு. அவர்களுக்கு அது பொருந்தும். நீர்மட்டம் அவர்கள் தலைக்குமேல் அண்மையிலேயே இருக்கின்றது. அவர்களுக்கெனத் தைத்த சட்டையை 30 மீற்றருக்கு இறங்குபவன் போட்டுக்கொள்வது தகாது.

30 மீற்றருக்குத் தகுந்தது எது? அச்சம் தெளிந்து நிலைமையைச் சீர்செய்ய ஆழத்திலே ஒரு நிமிடம்: 160 லீற்றர். நிமிடத்துக்கு 9 மீற்றராக ஏற மூன்றே கால் நிமிடத்துக்குச் சற்று அதிகம், சராசரி அமுக்கம் இரண்டரைப் பார், 333 லீற்றர். 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரிக்கையில் மனம் அமைதியுற்று மூச்சு 20 லீற்றருக்கு இறங்கிவிட்டது எனக் கொண்டால் 90 லீற்றர். மொத்தம் 583. மூன்று லீற்றர் கொள்ளளவுள்ள சிறு சிலிண்டரிலே 200 பார் அடைத்தால் 600 லீற்றர். கணக்குச் சரியாயிற்று, பதினேழு லீற்றர் மிச்சமும் உண்டு. இரண்டு லீற்றர்ச் சிலிண்டர் 400 லீற்றர் மட்டுமே தரும். அதைக் கொண்டு செல்பவன் 20 மீற்றருக்குள் நின்றுகொள்வது நன்று. உயர்தர வகுப்பு மாணவர் எவரும் அரை மணித்தியாலத்தில் வெவ்வேறு ஆழங்களுக்கு இந்த அட்டவணையைத் தயாரித்துவிடலாம். பரீட்சைக்கு வராத கணக்காகையால் யாரும் தயாரிப்பதில்லை!

சிலிண்டர் இருந்தாற் போதாது. அதனோடு பழகுதல் வேண்டும். இவ்விடயத்திலே நேரும் பிழைகளுள் மிகக் கொடியது, இரண்டு வாய்முனைகளையும் மாறாட்டமாகக் கொள்வது. சுழியோடி வள்ளத்திலிருந்து குதிக்கும் அவசரத்திலே சிறு சிலிண்டரின் வாய்முனையைக் கடித்துக்கொண்டு இறங்குகின்றான். பெரிய சிலிண்டரின் அமுக்கமானியைப் பார்க்கின்றான், நிறைந்திருக்கின்றது, மகிழ்கின்றான். ஆழத்துக்குப் போனதும் மூச்சு நின்றுவிடுகின்றது. காவலாகக் கொண்டுவந்ததை முதலிலேயே தின்றுவிட்டான் என்பது அவனுக்கு அப்போதும் விளங்காது. ஆகவே சிறு சிலிண்டரின் வாய்முனை நிறத்தாலும் தொடுகையாலும் வேறுபட்டிருத்தல் வேண்டும். எப்போதும் ஒரே இடத்தில், கண்ணை மூடினாலும் கை போய்ச் சேரும் இடத்தில் இருத்தல் வேண்டும். அதற்கெனத் தனி அமுக்கமானி வேண்டும். ஒவ்வொரு முறையும் இறங்குமுன் அதைப் பார்க்கவேண்டும். சென்ற மாதம் நிறைத்தது இன்றும் நிறைந்திருக்கும் என்பது நம்பிக்கை, அளவையன்று. ஆழமற்ற நீரில் நின்று, பெரிய வாய்முனையை விட்டுச் சிறியதைப் பற்றும் பயிற்சியைக் கை தானாகச் செய்யும் வரை செய்யவேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு சிலிண்டரிலுள்ள காற்றை மூழ்குங் கணக்கிலே சேர்த்தலாகாது. பெரிய சிலிண்டர் தனியாக இருந்தால் எவ்வேளை ஏறத் தொடங்குவானோ அவ்வேளையே ஏறத் தொடங்கவேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் நிற்கலாம், மட்டக்குதிரை இருக்கின்றதே என்று எண்ணியவனிடம் மட்டக்குதிரை இல்லை. சற்றுப் பெரிய சிலிண்டர் ஒன்று இரண்டு துண்டாக இருக்கின்றது, அவ்வளவே.

பொழுதுபோக்குக்காக மூழ்குபவர்களைப் பற்றியே இதுவரை பேசினோம். அவர்களுக்கு நூல் உண்டு, ஆசிரியர் உண்டு, விடுதி உண்டு. நம் வடக்கு, வடமேற்குக் கடல்களிலே கடலட்டைக்கும் சங்குக்கும் மூழ்கும் இளைஞர்களுக்கு இவற்றில் எது உண்டு? மூச்சடக்கி மூழ்கிய தந்தையரின் தொழிலுக்குச் சிலிண்டர் வந்து சேர்ந்தது. அதனுடன் வரவேண்டிய அறிவு முழுதாக வந்து சேரவில்லை. கரைக்கு அண்மையிலே அட்டை குறையக் குறைய அவர்கள் மேலும் ஆழத்துக்குப் போகவேண்டியவர்களானார்கள். ஒரே நாளிலே ஒன்றன்பின் ஒன்றாகச் சிலிண்டர்களை மாற்றிக்கொண்டு இறங்குகின்றார்கள். ஆழம் கூடியது, தடவை கூடியது, நைதரசன் கூடியது. இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளைஞர்களைக் கரையோரக் கிராமங்களில் விசாரித்தறிவது கடினமன்று. வீட்டார் அதை வாதம் என்பார்கள். பேய்க்குற்றம் என்பாரும் உளர்.

இவர்களுக்கு அந்தச் சிறு சிலிண்டர் என்ன செய்யும்? ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும்: அது நைதரசனைப் போக்காது. ஐந்தாவது சிலிண்டர் முடிந்தபின் ஆறாவதற்கு இறங்குபவனை எந்தப் புட்டியும் காக்காது. அவனுக்கு வேண்டியது ஓய்வும் கணக்கும். ஆனால், கடைசி அட்டையை எட்டிப் பிடிக்கும் ஆசையிலே காற்று முடியும்வரை நின்று, பின்பு மேலே பாய்கின்ற பழக்கம் இருக்கின்றதே, அதனைத் தடுக்க இது உதவும். மெல்ல ஏறுவதற்குரிய காற்று கையில் இருப்பவன் மெல்ல ஏறலாம் என்று சொல்லிக் கொடுக்கலாம். கையில் ஒன்றுமில்லாதவனுக்கு மெல்ல ஏறு என்று போதிப்பது பசித்தவனுக்கு நிதானமாக உண்ணுமாறு போதிப்பதாகும். இத்தொழிலிலே துணைவன் வாதமும் எடுபடாது. அட்டை பொறுக்குபவர்கள் கைகோத்து நீந்துவதில்லை. ஆளுக்கொரு பக்கம் பிரிந்தே தேடுவார்கள். மேலே வள்ளத்திலிருப்பவன் அவர்களுடைய நீர்க்குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனிடம் இப்போது கயிறும் இல்லை.

மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலே கிடக்கின்றது. அதைக் காணவென்று தூரதேசங்களிலிருந்தும் சுழியோடிகள் வருகின்றார்கள். அங்கே அமுக்கம் ஆறு பாருக்கு மேல். மட்டக்குதிரையின் 600 லீற்றர் பதைப்புற்றவனுக்கு இரண்டரை நிமிடமும் வராது. எனவே அந்த ஆழத்துக்குரிய பயிற்சி பெற்றோர் இரட்டைச் சிலிண்டர்களும், இடையிடையே தரித்து ஏறுவதற்கெனத் தனி வாயுக் கலங்களும் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நிமிடத்தையும் முன்னரே எழுதிவைத்து இறங்குகின்றார்கள். பார்வையிடப் போகின்றவர்கள் இவ்வளவு கொண்டு போகின்றார்கள் என்பதை, பிழைப்புக்காகப் போகின்றவர்கள் என்ன கொண்டு போகின்றார்கள் என்பதோடு ஒருமுறை பக்கம் வைத்துப் பார்த்தல் நன்று.

செலவு யாருடையது என்பதே எஞ்சியுள்ள வினா. மூன்று லீற்றர்ச் சிலிண்டரும் தனிச் சீராக்கியும் மலிவானவை அல்ல. நாட்கூலிக்கோ பங்குக்கோ மூழ்குபவன் அவற்றைத் தானே வாங்கட்டும் என்று சொல்வது, வாங்கமாட்டான் என்பதை அறிந்துகொண்டே சொல்வதாகும். எங்கே வள்ளமும் இயந்திரமும் பெரிய சிலிண்டரும் சம்மாட்டியுடையனவோ, அங்கே சிறிய சிலிண்டரும் சம்மாட்டியுடையதாகவே இருத்தல் வேண்டும். சுழியோடிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவோர் வள்ளத்தின் இலக்கத்தைப் பதியும்போது இதனையும் பதிவு செய்துகொள்ளலாம். கரையோரப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள், மேலே நாம் போட்ட கணக்கை ஒரு தாளிலே எழுதி, மாணவன் கையிலே கொடுத்து, வீட்டிலே தமையனிடம் காட்டு என்று அனுப்பலாம். அதற்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாளும் பேனையும் இருக்கின்றன.